ஆயில் ஃபில்டர் ஹவுசிங் ஒழுகுதா? சேலம் வண்டிக்காரங்க கேள்விகளுக்குப் பதில்

அஸ்தம்பட்டி: அண்ணா, 1.3 டீசல் ஸ்விஃப்ட். ஏற்காடு போய்ட்டு வந்த மறுநாள் தரையில ரெண்டு மூணு சொட்டு ஆயில். ஊருக்குள்ள ஓட்டினா ஒண்ணுமில்ல. ஹவுசிங்தானா?

ஹவுசிங்கா இருக்கலாம், அதாவது ஆயில் ஃபில்டர் உட்கார்ற, எஞ்சின் பிளாக்கோட போல்ட்ல சேர்ற கூடு. 20 கொண்டை ஊசி வளைவையும் சின்ன கியர்ல ஏறும்போது ஆயில் நல்லா சூடாகி இளகிடும், பிரஷரும் விடாம இருக்கும். ஹவுசிங்குக்கும் பிளாக்குக்கும் நடுவுல இறுகிப்போன ரப்பர் கேஸ்கட் அப்போதான் விடும். ஆனா சொட்டு விழுற இடத்தை நம்பாதீங்க, காத்து ஆயிலைப் பின்னால தள்ளிடும். எஞ்சின் ஆறினதும் பிரேக் கிளீனர் அடிச்சு, பனியன் வேஸ்ட்ல துடைச்சு, ஹவுசிங் பிளாக்கோட சேர்ற கோட்டுல டால்கம் பவுடர் தூவுங்க. கொஞ்ச தூரம் ஓட்டிட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க. பவுடர் எங்க முதல்ல கறுக்குதோ அதுதான் இடம். மேல டேப்பட் கவர், பக்கத்துல ஆயில் பிரஷர் சுவிட்ச், ரெண்டையும் விடாதீங்க. சுவிட்ச் ஒழுகினா ஹவுசிங்கைக் கழட்டவே வேண்டாம்.

சூரமங்கலம்: கேஸ்கட் செட் வாங்கிட்டேன். முதல்ல இருந்து சொல்லுங்க சார்.

ராத்திரி முழுக்க ஆறின எஞ்சின்லதான் ஆரம்பிக்கணும். பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க. ஆயிலை வடிங்க. ஹவுசிங்கோட ஆயில் கூலர் சேர்ந்திருந்தா கூலன்ட்டையும் வடிக்கணும். பெல்ட், ஆல்டர்னேட்டர் மேல பாலித்தீன் கவர் போடுங்க, தூக்கும்போது உள்ளே தங்கின ஆயில் கொட்டும்.

போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்கா கொஞ்சம் கொஞ்சமா தளர்த்துங்க. அட்டையில ஹவுசிங் படம் வரைஞ்சு, எடுத்த போல்ட்டை அதே இடத்துல குத்தி வைங்க. நீளம் மாறும். நீள போல்ட் ஆழம் குறைஞ்ச ஓட்டையில போனா அடி தட்டி நின்னுடும். டைட் ஆன மாதிரி இருக்கும், கேஸ்கட் அமுங்கியிருக்காது.

இப்ப முக்கியமான விஷயம். பிளாக் முகத்துல ஓட்டைகள் தெரியும். ஒண்ணுல பம்ப்ல இருந்து ஆயில் வருது. இன்னொண்ணுல வடிகட்டின ஆயில் போகுது. அந்த ரெண்டாவது வழி நேரா கிராங்க் பேரிங்குக்கும் டர்போவுக்கும் போகுது, நடுவுல வடிகட்ட எதுவுமே கிடையாது. அதனால எமரி பேப்பர், கிரைண்டர் பிரஷ் எதுவும் கூடாது. ஓட்டைகளை நூல் பிரியாத துணியால அடைச்சுட்டு, பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரோ பழைய ஏடிஎம் கார்டோ வச்சுச் சுரண்டுங்க. விரல் நகத்தால தடவினா எங்கேயும் தட்டுப்படக் கூடாது. அடைச்ச துணியை எண்ணி எடுங்க. போல்ட் ஓட்டையில தேங்கின ஆயிலையும் உறிஞ்சிடுங்க.

புது கேஸ்கட் பள்ளத்துல முழுசா உட்காரணும். எல்லா போல்ட்டையும் கையாலயே ஏத்திட்டு, நடுவுல இருந்து குறுக்கா ரெண்டு சுத்துல டைட் பண்ணுங்க. அலுமினியத்துல எம்6 போல்ட்டுன்னா 10 நியூட்டன் மீட்டர் அளவுதான், எம்8 சுமார் 20-25. உங்க வண்டி மேனுவல் சொல்றதுதான் கடைசி கணக்கு. டார்க் ரென்ச் (டைட் அளவு காட்டுற ஸ்பேனர்) இல்லாம இந்த வேலையைத் தொடாதீங்க.

புது ஃபில்டர், மூடிக்குப் புது ஓ-ரிங். ஆயில், கூலன்ட் ஊத்தி ஸ்டார்ட் பண்ணுங்க, ரேஸ் பண்ணாதீங்க. சில வினாடியில ஆயில் லைட் அணையணும், இல்லன்னா உடனே ஆஃப் பண்ணிடுங்க. கூலன்ட்ல காத்தை எடுத்துட்டு, ஆறினப்புறம் ரெண்டு அளவையும் மறுபடி பாருங்க.

கொண்டலாம்பட்டி: கேஸ்கட்டோட அனபாண்ட் (சீலன்ட் பேஸ்ட்) தடவினா இன்னும் பலமா இருக்குமே?

ரப்பர் கேஸ்கட்டுக்கு வேண்டாம். பேஸ்ட் வழுக்கி கேஸ்கட் பள்ளத்தை விட்டு வெளியே வரும். உள்பக்கம் பிதுங்கின பேஸ்ட் பிஞ்சு சுத்தமான ஆயில் வழியில விழும்.

கொண்டலாம்பட்டி: லாரிக்கு எத்தனையோ வருஷமா எல்லாரும் போடறாங்க. ஒண்ணும் ஆகலையே.

லாரியில எங்க போடறாங்கன்னு பாருங்க. ஆயில் சம்ப், டைமிங் கவர். அங்க பிஞ்ச துண்டு சம்ப்புல விழுந்து ஸ்ட்ரெய்னர் வலையில நிக்கும். சில இடத்துல கம்பெனியே பேஸ்ட்தான் போடச் சொல்லுது. இங்க ஃபில்டருக்கு அப்புறம் விழுற துண்டை நிறுத்த ஆளே இல்ல. அனபாண்ட் நல்ல சரக்கு, இடம்தான் தப்பு.

செவ்வாய்ப்பேட்டை: முகம் அரிச்சிருந்தா? லேசா தடவலாம்ல?

பேஸ்ட் பள்ளத்தை நிரப்பும், வளைவை நேராக்காது. முகத்துல ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி அடியில ஃபீலர் கேஜோட மெல்லிய இதழை விடுங்க. நுழைஞ்சா அலுமினிய ஹவுசிங்கை லேத்ல ஃபேஸிங் பண்ணலாம், கேஸ்கட் பள்ளத்தோட ஆழம் குறையாத அளவுக்குத்தான். பிளாஸ்டிக் ஹவுசிங் வளைஞ்சிருந்தா புதுசுதான்.

அம்மாபேட்டை: அனபாண்ட் போடலாமா அண்ணா?

வேண்டாம். மேலே ரெண்டு பதில் இருக்கு.

ஓமலூர்: ஆல்டோ. ஃபில்டர் மாத்தினதுல இருந்து ஒழுகுது.

அது திருகுற ஃபில்டர், ஹவுசிங் வேலை இல்ல. பழைய ஃபில்டரோட ரப்பர் பிளாக்லயே ஒட்டியிருக்கும், பாருங்க.

நாகலூர் (ஏற்காடு மலை): ஆயில் ஊத்துற மூடியில வெள்ளையா பால் மாதிரி ஒட்டியிருக்கு. கூலர் போச்சா?

மூடியில மட்டும்னா பயப்படாதீங்க. மார்கழிப் பனியில கிட்டத்துக்கே ஓட்டினா ஈரம் அப்படித்தான் சேரும். டிப் ஸ்டிக்ல பால் டீ நிறம் இருந்தாலோ, கூலன்ட் டேங்க்ல ஆயில் ஆடை மிதந்தாலோதான் கூலர் சந்தேகம். எஞ்சின் ஓடும்போது ஆயில் பிரஷர் அதிகம், அதனால ஆயில் கூலன்ட்டுக்குள்ள போகும். நிறுத்தினப்புறம் கூலன்ட் பிரஷர் மிஞ்சி, தண்ணி ஆயிலுக்கு வரலாம். அப்படி இருந்தா சேலம் வரைக்கும் ஓட்டி இறக்காதீங்க, டோ பண்ணுங்க.

வாழப்பாடி: மலை இறங்கும்போது பிரேக் நாத்தம்.

அது வேற வேலை. ரெண்டாம் கியர்ல இறங்குங்க, பேடைக் காட்டுங்க.

ஆத்தூர்: டைட் பண்ணும்போது ஒரு போல்ட் சும்மா சுத்துது.

அலுமினிய த்ரெட் உரிஞ்சு போச்சு. பெரிய போல்ட்டை அடிச்சு ஏத்தாதீங்க, ஹெலிகாயில் (புது த்ரெட் தர்ற கம்பிச் சுருள்) போடுங்க. ஹவுசிங்கை மறுபடி எடுத்து, ஆயில் ஓட்டைகளை அடைச்சு, ட்ரில், டேப் (த்ரெட் வெட்டுற கருவி) ரெண்டுலயும் கிரீஸ் தடவி மெதுவா வெட்டுங்க, துகள் கிரீஸ்ல ஒட்டிக்கும். ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை வெளியே எடுத்துத் துடைங்க. ஏர் அடிக்காதீங்க, அது துகளைச் சுத்தமான ஆயில் வழிக்குள்ளயே தள்ளிடும். காந்தம் அலுமினியத்தைப் பிடிக்காது, கிரீஸ் தடவின குச்சியால ஒத்தி எடுங்க.