தெள்ளுப்பூச்சி ஏறிய பூனைக்கு ரத்தப் பரிசோதனை தேவையா?

கேள்வி: தானியக் கிடங்கில் எலிக்காக இரண்டு பூனைகள் வளர்க்கிறேன். இரண்டுக்கும் உடம்பெல்லாம் தெள்ளுப்பூச்சி. ஒன்று சில நாளாகத் தீனி எடுக்காமல் சுருண்டு கிடக்கிறது, ஈறும் வெளுத்திருக்கிறது. ரத்தத்தை லேபுக்கு அனுப்பச் சொல்கிறார் டாக்டர். நேராக மருந்தே கொடுத்தால் ஆகாதா? நன்றாக இருக்கும் பூனைக்கும் டெஸ்ட் எடுக்கணுமா?

பதில்: ஈறு வெளுத்த பூனைக்குக் கட்டாயம் எடுங்கள், அதுவும் முதல் மாத்திரை உள்ளே போவதற்கு முன்னால். ஆன்டிபயாட்டிக் கொடுத்த பிறகு எடுத்தால், கிருமி இருந்தும் 'இல்லை' என்று ரிசல்ட் வரக்கூடும். ஆனால் பூனைக்கு மூச்சு வாங்கினால் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். ரத்தம் எடுத்த கையோடு சிகிச்சை தொடங்கட்டும்.

ஈறு வெளுப்பு என்றதும் எனக்கு முதலில் தோன்றுவது மைக்கோபிளாஸ்மா. சிவப்பணுவின் மேல் ஒட்டிக்கொண்டு அதை அழிக்கும் பாக்டீரியா இது. பூனைக்குப் பூனை தெள்ளு வழியாகப் பரவுவதாகக் கருதப்படுகிறது. கண்ணாடித் தகட்டில் ரத்தம் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதும் உண்டு. ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சேர்த்த ஊதா மூடிக் குழாயில் அது நேரம் கடந்து நின்றால், கிருமி அணுவைவிட்டுக் கழன்றுவிடும். தகட்டில் ஒன்றும் தெரியாது. அதனால் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் டெஸ்ட் கேளுங்கள். கூடவே ரத்த அணு எண்ணிக்கையும் பார்க்க வேண்டும். தெள்ளு மொய்த்து ரத்தம் உறிஞ்சியதாலேயே சோகை வந்திருக்கலாம், குட்டி என்றால் இன்னும் சுலபமாக வரும்.

நன்றாக இருக்கும் பூனைக்கு டெஸ்ட் வேண்டாம் என்பேன். தெள்ளின் கழிவு வழியாகப் பரவும் பார்ட்டோனெல்லா என்ற பாக்டீரியா, பல பூனைகளின் ரத்தத்தில் நோயே காட்டாமல் இருக்கும். ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதம்) பாசிட்டிவ் என்றால் எப்போதோ தொற்று வந்திருக்கிறது என்றுதான் பொருள். இப்போது இருக்கிறதா என்று அது சொல்லாது. பிசிஆர் பாசிட்டிவ் என்றால் கிருமியின் மரபணு ரத்தத்தில் இருக்கிறது. நெகட்டிவ் வந்தாலும் நிம்மதி இல்லை, ஏனென்றால் இந்தக் கிருமி ரத்தத்தில் விட்டுவிட்டுத்தான் தலைகாட்டும். ஒரு விதிவிலக்கு: வீட்டில் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பூனை பிராண்டினால் மனிதருக்கும் இந்தக் கிருமி தொற்றலாம்.

டாக்டர் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் எழுதினால், மாத்திரை கொடுத்ததும் கொஞ்சம் தண்ணீர் புகட்டுங்கள். தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் சிக்கினால் புண்ணாக்கிவிடும்.

அப்புறம், அது தெள்ளுதானா? குதித்து ஓடினால் தெள்ளு. தோலைக் கவ்விக்கொண்டு அசையாமல் இருந்தால் உண்ணி. உண்ணி பரப்பும் கிருமிகள் வேறு, டெஸ்ட்டும் வேறு. சந்தேகமென்றால் ஈர வெள்ளைத் தாளில் ரோமத்தைச் சீவிப் பாருங்கள். உதிரும் கருப்புத் துகள் செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் கழிவு, செரித்த ரத்தம்.

தெள்ளு மருந்தை இரண்டு பூனைக்கும் இன்றே டாக்டரிடம் கேட்டுப் போடுங்கள், படுக்கும் சாக்கையும் சுடுநீரில் அலசுங்கள். நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் என்ற பூச்சி மருந்து மிச்சம் இருக்கிறதே என்று மட்டும் பூனைமேல் ஊற்றிவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம்.