கிரவல் வீதியில் மோட்டார் ஹோமின் உலுக்கலைக் குறைப்பது எப்படி?

கல்லடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். 29 ஆசன டீசல் மினி பஸ் ஒன்றை வாங்கி, ஆசனங்களைக் கழற்றிவிட்டு, கட்டில், சமையல் மேடை, 200 லீற்றர் தண்ணீர்த் தாங்கி, நான்கு பற்றரிகள் ஆகியவற்றைப் பொருத்தி அதை மோட்டார் ஹோமாக மாற்றியிருக்கிறார். கல்முனை வழியாகப் பொத்துவில் வரை காபட் வீதியில் வண்டி ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் பாணமையைத் தாண்டி உகந்தைக்குப் போகும் கிரவல் வீதியிலும், படுவான்கரையில் உன்னிச்சைப் பக்கத்து உள்வீதிகளிலும் இறங்கியதும் அலுமாரிக் கதவுகள் திறந்துகொள்கின்றன, பாத்திரங்கள் விழுகின்றன, பின்கட்டிலில் படுத்திருக்கும் தாயாருக்கு இடுப்பு நோகிறது. பின் ஸ்பிரிங்குக்கு இன்னொரு தகடு சேர்க்கலாம் என்கிறார்கள் கராஜில். ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றுப் பை பூட்டச் சொல்கிறார் நண்பர் ஒருவர். டயர்க் காற்றை 80 பிஎஸ்ஐக்குக் கீழே குறைக்கவே வேண்டாம் என்கிறார்கள் டயர் கடையில். எதை நம்பி, எதற்கு முதலில் செலவழிப்பது என்பதே அவருடைய கேள்வி.

தகடு சேர்க்க வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வண்டியின் ஸ்பிரிங்குகள் 29 பேரையும் அவர்களுடைய மூட்டை முடிச்சுகளையும் சுமப்பதற்காகச் செய்யப்பட்டவை. ஆளுக்கு 65 கிலோ என்று வைத்தாலும் அது ஏறத்தாழ 1.9 தொன். உங்கள் கட்டில், மேடை, தண்ணீர், பற்றரி, நான்கைந்து பேர் எல்லாம் சேர்ந்தாலும் பெரும்பாலும் அந்த அளவை எட்டாது. சுமை குறைந்த வண்டியில் கடினமான ஸ்பிரிங் இருப்பதுதான் உலுக்கலுக்கு முதற்காரணமாக இருக்க வேண்டும். அதன் மேல் இன்னொரு தகட்டைச் சேர்ப்பது நோயைக் கூட்டும் மருந்தாகிவிடும். ஏழு தகடுள்ள ஸ்பிரிங்கில் அதே தடிப்பில் எட்டாவது தகட்டைச் சேர்த்தால் அதன் விறைப்பு ஏழில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 14 வீதம் கூடுகிறது.

இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. வண்டியின் பாரத்தால் ஸ்பிரிங் எத்தனை சென்ரிமீற்றர் அமிழ்ந்திருக்கிறதோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 5 ஐ வகுத்தால், வண்டி விநாடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்பது கிட்டத்தட்டக் கிடைக்கும். 8 சென்ரிமீற்றர் அமிழ்ந்திருந்தால் விநாடிக்கு 1.8 முறை, சுமை குறைந்து 4 சென்ரிமீற்றர் மட்டும் அமிழ்ந்திருந்தால் 2.5 முறை. நல்ல கார்கள் 1 முதல் 1.5 முறை வரை ஆடும்படி அமைக்கப்படுகின்றன. மனித உடல் மேல்கீழ் அதிர்வை மிக அதிகமாக உணர்வது விநாடிக்கு 4 முதல் 8 வரையான அதிர்வுகளில். வண்டியின் ஆட்டம் அந்த எல்லையை நெருங்க நெருங்க இடுப்பும் வயிறும் முறையிடத் தொடங்கும்.

ஆகவே முதல் வேலை எடை போடுவது. கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறைப் பக்கங்களில் பெரிய அரிசி ஆலைகளில் லொறியை ஏற்றி நிறுக்கும் பாரத் தராசு இருக்கிறது. நெல் லொறிகள் வரிசையில் நிற்கும் பெரும்போக அறுவடைக் காலத்தைத் தவிர்த்துப் போய்க் கேட்டால், சிறு கட்டணத்துக்கு நிறுத்துத் தருவார்கள். பயணம் போகும்போது இருப்பது போலவே தண்ணீர், டீசல், காஸ் சிலிண்டர், உணவுப் பொருள், ஆட்கள் எல்லாவற்றோடும் போங்கள். முழு வண்டியையும் ஒரு முறை நிறுங்கள். பிறகு முன் சில்லுகள் மட்டும் தராசில் நிற்கவும், பின் சில்லுகள் மட்டும் நிற்கவும் தனித்தனியே நிறுங்கள். தராசைச் சுற்றியுள்ள தரை மட்டமாக இருந்தால், இடப் பக்கச் சில்லுகளை மட்டும், வலப் பக்கச் சில்லுகளை மட்டும் ஏற்றியும் நிறுக்க வேண்டும். சமையல் மேடையும் தண்ணீர்த் தாங்கியும் பற்றரிகளும் ஒரே பக்கத்தில் அமைந்துவிட்ட வண்டிகளில் இரு பக்கங்களுக்குமிடையே கணிசமான வேறுபாடு தெரியும். நேரே நிற்கும்போது கண்ணுக்குப் படாத அந்தச் சரிவே கிரவலில் பக்கவாட்டு ஆட்டமாக வெளிப்படுகிறது.

உங்கள் தாங்கி பின்கட்டிலின் கீழே, பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இது எனக்குக் கவலை தருகிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் 4 மீற்றரும், பின் அச்சிலிருந்து தாங்கியின் நடுப்பகுதி வரை 1.5 மீற்றரும் இருந்தால், 200 கிலோ தண்ணீர் பின் அச்சில் 275 கிலோவாக இறங்கும். மிகுதி 75 கிலோ முன் அச்சிலிருந்து தூக்கப்படும். துலாவின் ஒரு முனையை மிதித்தால் மறுமுனை உயர்வதைப் போல, பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் இலேசாகிவிடுகிறது. இலேசான முன்பக்கம் துள்ளுகிறது. பாரமான பின்பக்கம் பெரிய பள்ளங்களில் ஸ்பிரிங் முழுவதும் அமிழ்ந்து அடி தட்டுகிறது. ஒரே வண்டியில் இரண்டு எதிரெதிர்க் குறைகள் இருப்பதனால்தான், அதைப் பார்க்கும் ஒவ்வொருவரும் வெவ்வேறு மருந்து சொல்கிறார்கள். தாங்கியை இரு அச்சுகளுக்கும் இடையில், இயன்றளவு நடுவாகவும் தாழ்வாகவும் மாற்றுவது, நீங்கள் யோசிக்கும் காற்றுப் பைகளைவிடக் குறைந்த செலவில் அதிக பயன் தரும் என்பது என் கணிப்பு.

எடைச் சீட்டு கைக்கு வந்த பிறகுதான் டயர்க் காற்றைப் பற்றிப் பேச முடியும். டயரின் பக்கச்சுவரில் 117/115 என்று இருந்தால், அந்த டயர் தனியாக ஓடும்போது 1285 கிலோவும் இரட்டைச் சில்லாக ஓடும்போது 1215 கிலோவும் தாங்கும் என்பது பொருள். அதுவும் முழுக் காற்றில். உங்கள் பின் அச்சு 2800 கிலோ என்று தராசு காட்டினால், நான்கு டயர்களில் ஒவ்வொன்றுக்கும் வருவது 700 கிலோ மட்டுமே. அந்தச் சுமைக்கு முழுக் காற்று தேவையில்லை. தேவைக்கு மேல் ஏற்றிய காற்று, டயரை ஒரு கல்லைப் போல விறைக்கச் செய்து ஒவ்வொரு சிறு கல்லையும் அப்படியே உடலுக்குக் கடத்துகிறது. எந்தச் சுமைக்கு எவ்வளவு காற்று என்பதை டயர் நிறுவனங்கள் அட்டவணையாக வைத்திருக்கின்றன. முகவரிடம் உங்கள் டயரின் அளவைச் சொல்லி அந்த அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். ஓர் அச்சில் பாரம் கூடிய பக்கம் எதுவோ அதற்குரிய காற்றையே இரு பக்கமும் வைத்து, பாதுகாப்புக்காக 5 பிஎஸ்ஐ சேர்த்துக்கொள்ளுங்கள். அட்டவணைக்குக் கீழே போய்க் காபட் வீதியில் வேகமாக ஓடுவதை நான் ஒருபோதும் அனுமதிக்கமாட்டேன். காற்றுக் குறைந்த டயர் சூடாகி வெடிப்பது நம் வெயிலில் அபூர்வமான விஷயமல்ல.

காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன்னரே அளக்க வேண்டும். ஓடிய பிறகு கூடியிருக்கும் அழுத்தத்தைத் திறந்து விடக் கூடாது. பின் உள் டயரின் வால்வு எட்டாத காரணத்தால் பலர் அதை அளப்பதே இல்லை. இரட்டையில் ஒன்று தளர்ந்திருந்தால் மற்றது முழுப் பாரத்தையும் சுமக்கும். நீட்டு வால்வு ஒன்றைப் பூட்டிக்கொள்வது சிறு செலவே. பாணமையில் கிரவலில் இறங்கும்போது, 30 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் போவதில்லை என்ற உறுதியோடு, அட்டவணைக் காற்றிலிருந்து மேலும் 15 வீதம் வரை குறைக்கலாம். திரும்பிக் காபட் வீதியில் ஏறும் இடத்திலேயே மீண்டும் ஏற்ற வேண்டும். அதற்கு ஒரு நல்ல மின் காற்றுப் பம்பியும் நம்பகமான அளவியும் வண்டியில் இருக்கட்டும். ரீபில்ட் டயர்களும், தயாரிப்பு வாரத்தையும் வருடத்தையும் காட்டும் நான்கு இலக்கத்தின்படி மிகப் பழையவையான டயர்களும் இந்த வேலைக்கு உகந்தவை அல்ல.

அடுத்தது, ஏற்கெனவே இருக்கும் பாகங்கள் வேலை செய்கின்றனவா என்று பார்ப்பது. கடற்காற்று வீசும் கல்லடியில் நிற்கும் வண்டியின் ஸ்பிரிங் தகடுகளுக்கிடையில் உப்பும் துருவும் சேர்ந்து அவற்றை ஒன்றோடொன்று இறுக்கிவிடுகின்றன. தகடுகள் வழுக்க முடியாதபோது சிறு மேடுகளில் ஸ்பிரிங் அசைவதே இல்லை. வண்டி முழுவதும் டயரின் மீது மட்டுமே துள்ளுகிறது, அந்தத் துள்ளல் விநாடிக்கு 3 முதல் 4 முறை என்ற அளவில், உடல் தாங்காத எல்லையின் வாசலிலேயே இருக்கிறது. ஸ்பிரிங் கட்டை இறக்கி, தகடுகளைப் பிரித்து, துருவைச் சுரண்டி, கிரபைட் கிரீஸ் பூசி, ஸ்பிரிங்கின் முனைகளை வண்டியோடு இணைக்கும் இடங்களில் தேய்ந்த புஷ்களையும் ஷக்கிள் பின்களையும் மாற்றிப் பூட்டச் சொல்லுங்கள். பல பழைய வண்டிகளில் இந்த ஒரு வேலையே உலுக்கலைக் கணிசமாகக் குறைத்துவிடும்.

ஷொக் அப்சோபர்களைச் சோதிக்க ஒரு நல்ல வழி உண்டு. கிரவலில் இருபது நிமிடம் ஓடிய பிறகு, மட்டமான இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கைப்பிரேக்கை இழுத்து, சில்லுகளுக்குக் கல் வைத்துவிட்டு, ஒவ்வொரு ஷொக் அப்சோபரின் உடலையும் புறங்கையால் எச்சரிக்கையாகத் தொட்டுப் பாருங்கள். வேலை செய்வது சூடாக இருக்கும், ஏனெனில் ஆட்டத்தின் சக்தியை அது வெப்பமாக மாற்றுகிறது. மற்றவை சூடாக இருக்க ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது செத்துவிட்டது. எண்ணெய் கசிந்து மண் ஒட்டியிருப்பதும் அதே செய்தியைத்தான் சொல்லும். மாற்றும்போது ஓர் அச்சின் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். காஸ் நிரப்பியவை தொடர்ந்த குலுக்கலில் எண்ணெய் நுரைப்பதைக் குறைப்பதால் கூடிய விலைக்குத் தகுந்தவை.

பின்பக்கம் அடி தட்டுகிறதா என்பதை அறிய, அச்சு மேலெழும்பி வண்டியில் மோதாமல் தடுக்கும் பம்ப் ஸ்டொப்பர் இறப்பரின் நுனியில் விரலளவு கிரீஸ் பூசிவிட்டு வழக்கமான பாதையில் ஓடிப் பாருங்கள். எதிரே அச்சின் மேற்புறத்தில் கிரீஸ் ஒட்டியிருந்தால் தட்டியிருக்கிறது. தாங்கியை நடுவுக்கு மாற்றிய பின்னும் தட்டினால் மட்டுமே காற்றுப் பைகளைப் பற்றி யோசிக்கலாம். ஸ்பிரிங்கோடு சேர்த்துப் பூட்டும் காற்றுப் பை பாரத்தைத் தாங்கி உயரத்தை மீட்டுத் தரும். ஆனால் இருக்கும் விறைப்போடு தன் விறைப்பையும் சேர்க்குமே தவிர ஓட்டத்தை மென்மையாக்காது. தகடுகளை முழுவதுமாக அகற்றிக் காற்று ஸ்பிரிங்குகளையே பொருத்துவது வேறு கதை. அது உண்மையில் மென்மை தரும், ஆனால் அச்சைப் பிடித்திருப்பதே தகடுகள்தான் என்பதால் புதிய தாங்கு கம்பிகள், காற்றுத் தாங்கி, கட்டுப்பாட்டு வால்வுகள் எல்லாம் வேண்டும். அதைச் சரிவர வடிவமைக்கத் தெரிந்தவரிடமும், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதியோடும் செய்ய வேண்டிய வேலை அது.

தகட்டைக் குறைப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்களுக்கு அதுவே பொருந்தக்கூடும். எடைச் சீட்டு முன் அச்சில் பஸ்ஸின் முழுச் சுமையைவிட மிகக் குறைவாகக் காட்டினால், ஸ்பிரிங் செய்யும் தொழிலாளியிடம் அந்தச் சீட்டையே கொடுத்து, அந்தப் பாரத்துக்கேற்ற கட்டு ஒன்றை அமைக்கச் சொல்லுங்கள். சொந்தமாக ஒரு தகட்டை உருவி எடுப்பது ஆபத்து. மீதித் தகடுகளில் அழுத்தம் கூடி முக்கியத் தகடு முறியும். எந்த மாற்றத்துக்குப் பிறகும் வண்டியின் உயரம் மாறும், அதனால் சில்லு நேர்ப்படுத்தலையும் முன்விளக்கின் கோணத்தையும் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் பின் அச்சோடு இணைந்த ஒரு சிறு கம்பி, உயரத்தைப் பார்த்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது. உயரத்தை மாற்றிவிட்டு அதைச் சரிசெய்யாமல் விட்டால், மழையில் பிரேக் பிடிக்கும்போது பின்சில்லு இறுகி வண்டி சறுக்கக்கூடும். இதைக் கவனிக்காத கராஜை விட்டு வேறு கராஜுக்குப் போங்கள்.

ஓட்டும் முறையையும் சொல்ல வேண்டும். உகந்தைப் பாதையில் குறுக்கே வரி வரியாக எழும்பியிருக்கும் சிறு மேடுகள் 70 சென்ரிமீற்றர் இடைவெளியில் இருந்தால், 30 கிலோமீற்றர் வேகத்தில் சில்லு விநாடிக்கு 12 முறை அடிபடுகிறது. சில்லும் அச்சும் தாமாகவே துள்ளும் அளவும் அதற்குக் கிட்டவே இருப்பதால், அந்த வேகத்தில்தான் உலுக்கல் உச்சத்தை அடைகிறது. வேகத்தைக் கூட்டினால் வண்டி மிதப்பது போல மென்மையாகும் என்று சொல்வோர் உண்டு, அது உண்மைதான். ஆனால் அப்போது சில்லு தரையைப் பிடித்திருப்பதில்லை, பாரமான மோட்டார் ஹோம் வளைவில் சறுக்கினால் மீட்க முடியாது, குமண எல்லையில் யானை குறுக்கே வந்தால் நிறுத்தவும் முடியாது. 15 கிலோமீற்றருக்குக் குறைத்து ஓடுங்கள். வடகீழ்ப் பருவமழை முடிந்த கையோடு, நீர் நிறைந்த குழிகளின் ஆழம் தெரியாத நாட்களில், இந்தப் பாதையை ஒத்திவைப்பதே நல்லது.

தாயாரை ஓடும் வண்டியின் பின்கட்டிலில் படுக்க வைக்க வேண்டாம். பின் அச்சுக்குப் பின்னால் இருக்கும் இடமே வண்டியில் மிக அதிகமாக எழும்பித் தாழும் இடம். இரு அச்சுகளுக்கும் நடுவே, பட்டி பூட்டிய, தடித்த பஞ்சு வைத்த ஆசனம் ஒன்றை அவருக்காக அமையுங்கள்; எடை போடும் வரை காத்திராமல், இந்த வாரமே செய்யக்கூடியது இது. காஸ் சிலிண்டரை நிமிர்த்திக் கட்டி, ஓடும்போது வால்வை மூடி வையுங்கள். அலுமாரிக் கதவுகளுக்குக் காந்தப் பூட்டு போதாது, அழுத்தித் திறக்கும் கொக்கி வேண்டும்.

ஸ்பிரிங் கட்டைக் கழற்றிப் பூட்டினால், அதை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட்களைச் சில நூறு கிலோமீற்றர் ஓடிய பின் மீண்டும் உரிய இறுக்கத்துக்கு முறுக்க வேண்டும். தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்து அமரும்போது அவை தளரும். தளர்ந்த போல்டோடு கிரவலில் ஓடினால், தகடுகளைக் கோத்திருக்கும் நடு போல்ட் அறுந்து அச்சு இடம் மாறும்.