சொந்தக் கணினியில் பேக்எண்டு சேவை: கேள்வி பதில்

இணையச் சேவை ஒன்றின் பேக்எண்டை, அதாவது பயனர் கண்ணில் படாமல் பின்னால் இயங்கும் பகுதியை, சொந்தக் கணினியில் நிறுவி ஓடவைப்பதில் எழும் சிக்கல்கள் குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். கேட்டவர்களில் பெரும்பாலோர் பைத்தானில் இணையச் சேவை எழுத உதவும் ஜாங்கோ, தரவுத்தளத்துக்குப் போஸ்ட்கிரஸ், கேஷுக்கு (அடிக்கடி தேவைப்படும் தரவின் தற்காலிகச் சேமிப்புக்கு) ரெடிஸ், இவற்றை ஒன்றாகத் தூக்கி நிறுத்த டாக்கர் கம்போஸ் என்ற அமைப்பையே வைத்திருப்பதால், பதில்களும் அதையே ஒட்டி அமைந்துள்ளன. நோட், ஜாவா, கோ என்று வேறு எதில் எழுதுபவரும் பெயர்களை மட்டும் மாற்றிக்கொண்டு படிக்கலாம்.

கேள்வி (இறுதியாண்டு மாணவி): என் மடிக்கணினியில் 8 ஜிபி நினைவகம்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் டாக்கரில் போட வேண்டுமா, அல்லது நேரடியாக நிறுவிக்கொள்ளலாமா?

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. தனியாகவோ சிறு குழுவிலோ வேலை செய்பவருக்கு நான் பரிந்துரைப்பதும் அதுதான். போஸ்ட்கிரஸ், ரெடிஸ் போன்ற, நீங்கள் எழுதாத, ஆனால் உங்களுக்குத் தேவைப்படுகிற மென்பொருள்களைக் கண்டெய்னரில் (டாக்கர் அமைத்துத் தரும், பெட்டி போன்ற தனிச் சூழலில்) ஓடவிடுங்கள். நீங்கள் அன்றாடம் திருத்துகிற நிரலை மட்டும் உங்கள் கணினியிலேயே, பைத்தானின் விர்ச்சுவல் என்விரான்மென்டில் (ஒரு திட்டத்துக்கு மட்டுமான தனி நூலகச் சூழலில்) நேரடியாக ஓட்டுங்கள். சர்வரில் போஸ்ட்கிரஸ் 16 இருந்தால் உங்களிடமும் அதே 16 கண்டெய்னரில் இருக்கும்; வேறொரு திட்டத்துக்கு 14 தேவைப்பட்டால் அதுவும் பக்கத்திலேயே தனியாக ஓடும். நிரல் வெளியே ஓடுவதால் டீபக்கரை (பிழை தேடும் கருவியை) இணைப்பதும், கோப்பைச் சேமித்தவுடன் சர்வர் தானாக மீண்டும் ஏறுவதும் தொல்லையில்லாமல் நடக்கும்.

விண்டோஸிலும் மேக்கிலும் டாக்கர் கண்டெய்னர்கள் உண்மையில் ஒரு லினக்ஸ் மெய்நிகர் இயந்திரத்துக்குள்தான் ஓடுகின்றன. அந்த எல்லையைத் தாண்டி ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படிக்க நேரும்போது வேகம் கண்கூடாகக் குறைகிறது. விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) பயன்படுத்துபவர்கள் திட்டக் கோப்புறையை சி டிரைவில் வைக்காமல் லினக்ஸின் ஹோம் கோப்புறைக்குள் வைத்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். நினைவகத்தைப் பொறுத்தவரை, தனியாகச் சொல்லாவிட்டால் டபிள்யூஎஸ்எல் 2 மொத்த நினைவகத்தில் பாதி வரை எடுத்துக்கொள்ளும். உங்கள் பயனர் கோப்புறையில் டபிள்யூஎஸ்எல்-கான்ஃபிக் கோப்பு ஒன்றை உருவாக்கி 3 ஜிபி என்று உச்சவரம்பு வைத்துக்கொள்ளுங்கள். போஸ்ட்கிரஸுக்கும் ரெடிஸுக்கும் அது தாராளம்.

கேள்வி: உபுண்டுவில் பிப் (பைத்தான் நூலகங்களை நிறுவும் கருவி) வைத்து ஜாங்கோவை நிறுவப் போனால் ‘இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது’ என்ற பொருளில் ஒரு பிழை வருகிறது. அதை மீறி நிறுவ ஒரு தெரிவு இருக்கிறதாமே?

இருக்கிறது, ஆனால் தொடாதீர்கள். உபுண்டு 23.04 முதலும் டெபியன் 12 முதலும் இயங்குதளத்தின் சொந்தப் பைத்தானுக்குள் பிப் எதையும் நேரடியாக நிறுவ முடியாதபடி தடுத்திருக்கிறார்கள்; அந்தப் பைத்தானை நம்பி இயங்குதளத்தின் சொந்தக் கருவிகள் பல இருக்கின்றன என்பதே காரணம். திட்டக் கோப்புறைக்குள் ஒரு விர்ச்சுவல் என்விரான்மென்டை உருவாக்கி, அதை இயக்கிவிட்டு நிறுவினால் பிழை வராது.

கேள்வி (ஒரு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவர்): ஜாங்கோவோடு எஸ்கியூலைட் தானாகவே வருகிறதே, அண்ணா. கணினியில் அதை வைத்துக்கொண்டு சர்வரில் மட்டும் போஸ்ட்கிரஸ் வைத்தால் என்ன?

பழகுவதற்கு எஸ்கியூலைட் அருமையான தரவுத்தளம். ஆனால் சர்வரில் போஸ்ட்கிரஸ் இருக்கும் என்று தெரிந்த பிறகு கணினியில் வேறொன்றை வைப்பது, பிழைகளைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சேர்த்து வைப்பதற்குச் சமம்.

ஒரு சின்ன உதாரணத்தைப் பாருங்கள். பெயர்ப் புலத்துக்கு அதிகபட்சம் 10 எழுத்து என்று நீங்கள் வரம்பு வைத்திருக்கிறீர்கள். ‘மீனாட்சிசுந்தரம்’ என்ற பெயர் வருகிறது. நம் கண்ணுக்கு இது மீ, னா, ட், சி, சு, ந், த, ர, ம் என ஒன்பது எழுத்து. ஆனால் யூனிகோடில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால், பைத்தானின் கணக்கிலும் போஸ்ட்கிரஸின் கணக்கிலும் இதன் நீளம் 16. படிவத்தின் வழியாக வந்தால் ஜாங்கோவே தடுத்துவிடும். ஆனால் எக்செல் கோப்பிலிருந்து வாசித்து நிரலே நேரடியாகச் சேமிக்கும்போது அந்தச் சரிபார்ப்பு நடப்பதில்லை. எஸ்கியூலைட் அந்த வரம்பைப் பொருட்படுத்தாமல் முழுப்பெயரையும் வாங்கி வைத்துக்கொள்ளும். போஸ்ட்கிரஸோ மதிப்பு வரம்பைவிட நீளமாக இருக்கிறது என்று சொல்லி மறுத்துவிடும். உங்கள் கணினியில் மாதக்கணக்கில் ஓடிய நிரல், சர்வரில் ஏற்றிய முதல் நாளே விழுவது இப்படித்தான். இதைத் தவிர, எஸ்கியூலைட்டில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே எழுத முடியும் என்பதால், பின்னணிப் பணிகளைச் சேர்த்தவுடன் ‘தரவுத்தளம் பூட்டப்பட்டுள்ளது’ என்ற பிழையையும் சந்திக்க நேரிடும்.

கேள்வி: கண்டெய்னரில் போஸ்ட்கிரஸ் நன்றாக ஓடுகிறது, அதன் பதிவுகளில் எந்தப் பிழையும் இல்லை. ஆனால் ஜாங்கோ இணையும்போது அப்படி ஒரு பயனரே இல்லை என்கிறது. பயனர் பெயரை நூறு முறை சரிபார்த்துவிட்டேன்.

பெயர் சரியாகத்தான் இருக்கும். நீங்கள் தட்டிய கதவுதான் வேறு. முன்பு எப்போதோ கணினியில் நேரடியாக நிறுவிய இன்னொரு போஸ்ட்கிரஸ், கணினி தொடங்கும்போதே எழுந்து 5432 போர்ட்டில் (இணைப்புகள் வந்து சேரும் எண்ணிட்ட வாசலில்) உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். லினக்ஸில் ‘எஸ்எஸ்’, மேக்கில் ‘எல்எஸ்ஓஎஃப்’, விண்டோஸில் ‘நெட்ஸ்டாட்’ கட்டளைகள், எந்தப் போர்ட்டில் எந்த நிரல் காத்திருக்கிறது என்பதைக் காட்டும். லினக்ஸில் இத்தகைய மோதல் நேர்ந்தால் டாக்கர் உடனே போர்ட் காலியில்லை என்று சொல்லிவிடும். மேக்கில் சில வேளைகளில் இரண்டுமே சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும், ஒன்று கணினி தன்னையே குறிக்கும் 127.0.0.1 என்ற முகவரியிலும் மற்றொன்று எல்லா முகவரிகளிலும் காத்திருக்க, இணைப்பு குறிப்பான முகவரி வைத்திருக்கும் பழைய போஸ்ட்கிரஸுக்கே போய்ச் சேரும்.

பழையதை நிறுத்திவிடலாம், அல்லது கம்போஸ் கோப்பில் போர்ட் வரியை 5433:5432 என்று மாற்றலாம். இடப்புறம் இருப்பது உங்கள் கணினியின் போர்ட், வலப்புறம் இருப்பது கண்டெய்னருக்குள் இருக்கும் போர்ட். வலப்புறத்தைத் தொடாதீர்கள். மேக்கில் 5000 போர்ட்டைப் பயன்படுத்தும் ஃபிளாஸ்க் (ஜாங்கோ போன்ற இன்னொரு பைத்தான் கருவி) அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை: 2021இல் வந்த மான்டரே பதிப்பிலிருந்து ஏர்பிளே ரிசீவர் அந்தப் போர்ட்டைப் பிடித்துக்கொள்கிறது. உங்கள் நிரலில் தவறு தேடி நேரத்தை வீணாக்காமல் வேறு போர்ட்டுக்கு மாறிவிடுங்கள்.

கேள்வி: கம்போஸ் கோப்பில் தரவுத்தளக் கடவுச்சொல்லை மாற்றினேன். கண்டெய்னரை நிறுத்தி மீண்டும் தொடங்கியும் பழைய கடவுச்சொல்தான் வேலை செய்கிறது. இது டாக்கரின் பிழையா?

இல்லை. போஸ்ட்கிரஸின் டாக்கர் படிமம் (கண்டெய்னரை உருவாக்கும் அச்சு), தரவுக் கோப்புறை காலியாக இருக்கும்போது மட்டுமே, அதாவது முதன்முறை மட்டுமே, அந்தக் கடவுச்சொல்லைப் படித்துப் பயனரை உருவாக்குகிறது. அதன் பிறகு கடவுச்சொல் வால்யூமில் (கண்டெய்னருக்கு வெளியே தரவு தங்கும் இடத்தில்) இருக்கும் தரவுத்தளத்துக்குள் இருக்கிறது. கண்டெய்னரை அழித்தாலும் வால்யூம் அப்படியே நிற்கும். தொடக்கத்தில் ஓடுவதற்காக நீங்கள் வைக்கும் எஸ்கியூஎல் கோப்புகளுக்கும் இதே விதிதான்.

தரவு தேவையென்றால், உள்ளே நுழைந்து ‘ஆல்டர் யூசர்’ கட்டளையால் கடவுச்சொல்லை மாற்றுங்கள். தேவையில்லையென்றால், கம்போஸின் ‘டவுன்’ கட்டளையோடு ‘வி’ தெரிவைச் சேர்த்து வால்யூமையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். அந்த ஓர் எழுத்து கேள்வி எதுவும் கேட்காமல் எல்லாத் தரவையும் துடைத்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி (ஏழு பேர் கொண்ட குழுவிலிருந்து): எங்கள் குழுவில் ஜாங்கோவும் கண்டெய்னரில்தான் ஓட வேண்டும் என்பது விதி. தரவுத்தள முகவரி லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுத்தால் இணைப்பு மறுக்கப்படுகிறது. அதே முகவரியில் வெளியிலிருந்து இணைய முடிகிறதே?

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு வடிவத்தில் இந்தக் கேள்விதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். லோக்கல்ஹோஸ்ட் என்பது தொலைபேசியில் ‘நம்ம வீடு’ என்று சொல்வதைப் போன்றது. யார் சொல்கிறாரோ அவருடைய வீட்டையே குறிக்கும். ஜாங்கோ கண்டெய்னர் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கண்டெய்னர்தான். அதற்குள் போஸ்ட்கிரஸ் கிடையாது. கம்போஸ் தன் சேவைகள் அனைத்தையும் ஒரே வலையமைப்பில் இணைத்து, கோப்பில் நீங்கள் சேவைக்கு வைத்த பெயரையே முகவரியாகவும் ஆக்கித் தருகிறது. சேவைக்கு ‘டிபி’ என்று பெயர் வைத்திருந்தால் முகவரி டிபி, போர்ட் 5432. வெளியே 5433 என்று மாற்றியிருந்தாலும் உள்ளே 5432தான். மறுதிசையில், கண்டெய்னருக்குள்ளிருந்து உங்கள் கணினியில் நேரடியாக ஓடும் ஒன்றைத் தொட வேண்டுமென்றால் டாக்கர் டெஸ்க்டாப்பில் ‘ஹோஸ்ட்.டாக்கர்.இன்டர்னல்’ என்ற முகவரி இருக்கிறது. லினக்ஸில் அதைக் கம்போஸ் கோப்பில் தனியாகச் சேர்க்க வேண்டும்.

அடுத்தது, யார் எங்கே காது கொடுக்கிறார்கள் என்பது. ஜாங்கோவோடு வரும் சோதனைச் சர்வரான ரன்சர்வர், எதுவும் சொல்லாவிட்டால் 127.0.0.1இல் மட்டுமே காத்திருக்கும். கண்டெய்னருக்குள் அப்படி ஓடினால், போர்ட்டை வெளியே திறந்துவிட்டாலும் உலாவியிலிருந்து எட்டாது, 0.0.0.0:8000 என்று சொல்லி எல்லா முகவரிகளிலும் காத்திருக்கச் செய்ய வேண்டும். நோட் 17, 18 பதிப்புகளில் ஃபிரன்ட்எண்டை (பயனர் பார்க்கும் பகுதியை) ஓட்டுபவர்களுக்கு இதிலேயே இன்னொரு முடிச்சு உண்டு: அங்கே லோக்கல்ஹோஸ்ட் என்பது ஐபிவி6 முகவரியான ::1 ஆகப் பொருள்கொள்ளப்படலாம், ஜாங்கோ அங்கே இல்லாததால் இணைப்பு மறுக்கப்படும். 127.0.0.1 என்று எண்ணாகவே எழுதிவிட்டால் தீர்ந்தது.

மூன்றாவது பாதுகாப்பு பற்றியது. இதை எவரும் கேட்கவில்லை, நானாகவே சேர்க்கிறேன். போர்ட் வரியில் 5432:5432 என்று மட்டும் எழுதினால், டாக்கர் அதைக் கணினியின் எல்லா வலையமைப்புகளிலும் திறந்துவைக்கிறது. லினக்ஸில் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் அந்தப் போர்ட்டை மூடியிருந்தாலும் டாக்கரின் விதிகள் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். பொது வைஃபையில் உட்கார்ந்திருக்கும்போது, ‘போஸ்ட்கிரஸ்’ என்பதையே கடவுச்சொல்லாக வைத்த தரவுத்தளம் அக்கம்பக்கத்தாருக்குத் திறந்து கிடக்கும். அந்த வரியை 127.0.0.1:5432:5432 என்று எழுதுங்கள்.

கேள்வி: காலையில் முதல்முறை தொடங்கும்போது ஜாங்கோ விழுந்துவிடுகிறது, இரண்டாம் முறை சரியாக ஓடுகிறது. எந்தச் சேவை எதைச் சார்ந்தது என்று கம்போஸுக்குச் சொல்லும் ‘டிபெண்ட்ஸ் ஆன்’ கொடுத்திருக்கிறேன்.

அது வெறுமனே கொடுக்கப்பட்டால், போஸ்ட்கிரஸ் கண்டெய்னர் தொடங்கிவிட்டதா என்று மட்டுமே பார்க்கும்; இணைப்பை ஏற்கத் தயாராகிவிட்டதா என்று பார்க்காது. போஸ்ட்கிரஸ் சேவைக்கு ‘பிஜி-இஸ்ரெடி’ கட்டளையைக் கொண்டு ஹெல்த்செக் (தயாரா என்று சோதிக்கும் பகுதி) ஒன்று எழுதி, போஸ்ட்கிரஸ் நலமாகும்வரை ஜாங்கோ சேவை காத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள்.

கேள்வி: இரண்டு திட்டங்களை 8000, 8001 போர்ட்டுகளில் ஓட்டுகிறேன். ஒன்றில் உள்நுழைந்தால் மற்றொன்றிலிருந்து வெளியேறிவிடுகிறேன்.

உலாவி குக்கிகளைப் போர்ட் வாரியாகப் பிரிப்பதில்லை. இரண்டு ஜாங்கோக்களும் லோக்கல்ஹோஸ்ட்டில் ஒரே பெயரில் செஷன் குக்கி (உள்நுழைந்தவரை அடையாளம் காண உலாவியில் வைக்கும் சிறு குறிப்பு) வைப்பதால் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. ஒரு திட்டத்தின் அமைப்பில் செஷன் குக்கியின் பெயரை மாற்றினால் போதும். வேடிக்கை என்னவென்றால், ஒரு தளம் மற்றொன்றின் தரவைப் படிக்கலாமா என்று உலாவி பார்க்கும் சிஓஆர்எஸ் விதிகளோ போர்ட்டையும் சேர்த்தே பார்க்கின்றன. எனவே 3000இல் ஓடும் ஃபிரன்ட்எண்டுக்கு 8000இல் இருக்கும் பேக்எண்டு வேற்று இடம். அந்த முகவரியை அனுமதிப் பட்டியலில் நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

கேள்வி: சாவிகளும் கடவுச்சொற்களும் உள்ள டாட்-என்வ் கோப்பு தவறுதலாகக் கிட்டில் (நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியில்) ஏறிப் பொதுக் களஞ்சியத்துக்கும் போய்விட்டது. அடுத்த கமிட்டில் (பதிவில்) நீக்கிவிட்டேன். போதுமா?

போதாது. பழைய கமிட்டுகளில் அது அப்படியே இருக்கிறது. முதல் வேலையாக அதிலிருந்த சாவிகள், கடவுச்சொற்கள் அனைத்தையும் செல்லாததாக்கிப் புதியவற்றைப் பெறுங்கள். வரலாற்றைச் சுத்தம் செய்வதெல்லாம் அதற்குப் பிறகுதான். கிட் ஒதுக்க வேண்டிய கோப்புகளின் பட்டியலான கிட்-இக்னோரில் பெயரைச் சேர்ப்பது ஏற்கெனவே கிட் கண்காணிக்கும் கோப்பைக் கட்டுப்படுத்தாது என்பதால், கண்காணிப்பிலிருந்து அதைத் தனியாக எடுத்துவிட வேண்டும்.

கேள்வி (குழுத் தலைவர்): சோதனைக்கு நல்ல தரவு இல்லை. சர்வரின் தரவுத்தளத்தையே நகலெடுத்து எல்லோருக்கும் கொடுக்கலாமா?

கூடாது, ஐயா. வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணும் முகவரியும் ஏழு மடிக்கணினிகளில் கிடப்பதை நியாயப்படுத்த முடியாது. இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. அத்துடன், அந்தத் தரவோடு ஒரு பின்னணிப் பணி ஓடினால் உண்மையான வாடிக்கையாளருக்குச் சோதனை மின்னஞ்சல் பறந்துவிடும். மின்னஞ்சலைப் பொறுத்தவரை, அஞ்சலை அனுப்பாமல் திரையில் காட்டும் ஜாங்கோவின் கன்சோல் பேக்எண்டையோ, 1025 போர்ட்டில் வாங்கி 8025இல் உலாவியில் காட்டுகிற மெயில்பிட்டையோ வைத்துக்கொள்ளுங்கள்.

தரவுக்கு, போலித் தரவை உருவாக்கும் ஃபேக்கர் நூலகத்தைக் கொண்டு, தரவுத்தளத்தை நிரப்பும் ஒரு விதைப்பு நிரல் எழுதிவிடுங்கள். அதில் சிக்கலான பெயர்களை நீங்களே சில சேர்க்க வேண்டும்: இனிஷியல் மட்டும் உள்ள பெயர், தந்தை பெயர் இல்லாதவர், மிக நீண்ட பெயர். ‘கொ’ என்ற எழுத்தில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும், கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் எழுத முடியும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் தேடலில் ஒன்று மற்றொன்றோடு பொருந்தாது. இருவிதமாகவும் எழுதிய ஒரு பெயரை விதைப்பில் வைத்தால், சேமிக்கும் முன், இரண்டையும் ஒரே குறியீட்டு வடிவாக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவுக்கு மாற்ற வேண்டும் என்பது முதல் வாரத்திலேயே குழுவுக்குத் தெரிந்துவிடும்.

கேள்வி: காலை 9 மணிக்கு ஓட வேண்டிய பணி, கண்டெய்னரில் பிற்பகல் 2.30க்கு ஓடுகிறது.

கண்டெய்னரின் கடிகாரம் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்கிறது. அங்கே 9 மணி என்பது இந்திய நேரப்படி 2.30. தரவுத்தளத்தில் யூடிசியாகவே சேமித்துக்கொண்டு, பணி அட்டவணையில் மட்டும் ஆசியா/கொல்கத்தா என்று நேர மண்டலத்தைக் குறிப்பிடுங்கள்.