தொட்டில் கட்டுவதற்கு முன்

பேறுகாலப் பிரிவில் முப்பது ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற நான் பதில் எழுதும் இந்தப் பகுதிக்கு, இம்மாதம் ஒரே பொருளைப் பற்றி நான்கு கடிதங்கள் வந்திருக்கின்றன. நான்கும் வீட்டுக்குப் புதிதாக வரப்போகும் குழந்தையைப் பற்றியவை என்பதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் தருகிறேன்.

கேள்வி: எனக்கு இது ஏழாவது மாதம். மூத்தவளுக்கு நான்கு வயது. பிறந்தது முதல் என் பக்கத்தில்தான் படுக்கிறாள். என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவாள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும், “தம்பிப் பாப்பா வந்துவிட்டால் உன்னை யார் கவனிப்பார்கள்?” என்று அவளைச் சீண்டுகிறார்கள். சில நாட்களாக அவள் என் வயிற்றைத் தொடவே மறுக்கிறாள். மாமியார், மாமனார், கணவருடன் ஒரே வீட்டில் இருக்கிறோம். என் தாயார் இப்போது இல்லை. மகளை எப்படித் தயார் செய்வது?
— ஒரு வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்: முதல் வேலையாக அந்தச் சீண்டல் நிற்க வேண்டும். நான்கு வயதுக் குழந்தைக்கு விளையாட்டுப் பேச்சைப் பிரித்தறியத் தெரியாது; பெரியவர்கள் சொன்னதை அப்படியே நம்பிவிடும். ஆனால் வந்தவர்களிடம் நீங்களே இதைச் சொன்னால் மருமகள் முகத்தில் அடித்தாற்போல் பேசுகிறாள் என்று ஆகிவிடக்கூடும் என்பதால், கணவரோ மாமனாரோ சொல்லட்டும். இதை அவர்களிடம் இன்றே பேசிவிடுங்கள்.

‘தம்பிப் பாப்பா’ என்ற சொல்லையும் கவனித்தேன். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கண்டறிந்து சொல்வதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆகவே வரப்போவது தம்பிதான் என்று யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. தங்கை பிறந்து, அதனால் வீட்டில் யாருடைய முகமாவது வாடினால், அந்த வாட்டத்தை உங்கள் மகள் கண்டுகொள்வாள். தானும் ஒரு பெண் என்பது அவளுக்குத் தெரியும். வெறுமனே ‘பாப்பா’ என்றே எல்லோரும் சொல்லிப் பழகுங்கள்.

அடுத்து, படுக்கை. பச்சிளங்குழந்தை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கும். இரவில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை விளக்கெரியும், அழுகை கேட்கும். எனவே மூத்தவளின் படுக்கையை மாற்றுவது தவிர்க்க முடியாதது. பெரும்பாலான வீடுகளில் மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்று இரவுதான் இதைச் செய்கிறார்கள். பாப்பா வந்து தன்னைத் தள்ளிவிட்டது என்று குழந்தை முடிவு கட்டுவதற்கு அதைவிட வேறொன்றும் தேவையில்லை. உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. முதல் சில நாட்கள் கணவர் நடுவில் படுக்கட்டும். பிறகு அவர் பக்கத்தில், அதன் பிறகு பாட்டியின் பக்கத்தில் என்று மெல்ல நகர்த்துங்கள். உங்கள் பழைய பருத்திப் புடவை ஒன்றைத் துவைக்காமல் அவளுக்கே கொடுத்துவிடுங்கள். அவள் இத்தனை நாள் பிடித்துத் தூங்கியது அந்த வாசனையைத்தான்.

“விளையாடுவதற்குப் பாப்பா வருகிறது” என்று ஆசை காட்டாதீர்கள். வந்த குழந்தை பால் குடித்துத் தூங்கி அழுவதைத் தவிர வேறெதுவும் செய்யாது என்பதைக் கண்டதும், ஏமாந்துவிட்டதாக நினைப்பாள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்த படங்களைக் காட்டி, “நீயும் இப்படித்தான் நாள் முழுவதும் தூங்கினாய், இப்படித்தான் அழுதாய்” என்று சொன்னால் போதும். இன்னும் எத்தனை மாதம் என்ற கணக்கு அவளுக்குப் புரியாது. கார்த்திகை தீபம் ஏற்றிய பிறகு, பொங்கலுக்கு முன்பு என்பது போல அவளுக்குத் தெரிந்த நாளை வைத்துச் சொல்லுங்கள்.

அவள் மடியில் ஏற வரும்போது “பாப்பாவுக்கு வலிக்கும், தள்ளி உட்கார்” என்ற சொல் வாயில் வரும். அதற்குப் பதிலாக “அம்மாவுக்கு இடுப்பு வலிக்கிறது, இப்படிப் பக்கத்தில் சாய்ந்துகொள்” என்று சொல்லுங்கள். இன்னும் பிறக்காத குழந்தையின் மேல் பழி ஏறாமல் இருக்கும்.

நீங்கள் மருத்துவமனையில் இருக்கும் நாட்களில் அவளைக் குளிப்பாட்டி, சடை பின்னி, சோறூட்டப் போவது யார்? அவரே இப்போதிருந்து வாரத்தில் இரண்டு நாள் அவற்றைச் செய்து பழகட்டும். சடை பின்னத் தெரியாத அப்பாக்கள் இந்த இரண்டு மாதத்தில் தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம். வலி நள்ளிரவில் வந்து அவள் உறக்கத்தில் இருக்கும்போதே நீங்கள் புறப்பட நேரலாம். “ஒருநாள் காலையில் நீ கண் விழிக்கும்போது அம்மா இருக்க மாட்டேன், பாட்டி இருப்பார், மறுநாள் நீ என்னைப் பார்க்க வருவாய்” என்று முன்கூட்டியே பலமுறை சொல்லி வையுங்கள். அவள் அறைக்குள் வரும் நேரத்தில் குழந்தை தொட்டிலில் இருக்கட்டும்; உங்கள் இரண்டு கைகளும் அவளுக்காகக் காலியாக இருக்க வேண்டும். முதல் சில வாரங்களில் அவள் படுக்கையை நனைக்கலாம், மழலையாகப் பேசலாம், தனக்கும் ஊட்டிவிடச் சொல்லலாம். திட்டாமல் விட்டால் அது தானாகவே சரியாகிவிடும்.

கேள்வி: குழந்தை பிறப்பதற்கு முன் எதுவும் வாங்கி வைக்கக் கூடாது என்கிறார் என் அத்தை. கடையில் போனால் பட்டியல் முடிவதே இல்லை. எவைதாம் தேவை?
— ஒரு வாசகி, சேலம்

பதில்: அத்தையின் மனம் நோகாமலே தயாராகிவிடலாம். பழைய பருத்தி வேட்டிகள் நான்கைந்தைக் கிழித்து, துவைத்து, நல்ல வெயிலில் உலர்த்தி மடித்து வைத்தால் இருபது முப்பது துணிகள் கிடைக்கும். அது வாங்கியதாகக் கணக்காகாது. முன்பக்கம் முடிச்சுப் போடும் சட்டைகள் சில, கைக்கும் காலுக்கும் உறைகள், கொசுவலை ஒன்று ஆகியவற்றைப் பிறந்த அன்றே யாராவது வாங்கி வந்துவிடுவார்கள். கடுகுத் தலையணையோ வேறெந்தத் தலையணையோ வேண்டாம். குழந்தையைச் சமமான, அமுங்காத படுக்கையில் மல்லாத்திப் படுக்க வைப்பதே பாதுகாப்பானது. முகத்துக்குப் பூசும் பவுடரும் வேண்டாம், அது மூச்சுக்குழாய்க்குள் போகும். நடைவண்டி என்று கடையில் விற்கும் சக்கர நாற்காலியும் தேவையில்லை. 36ஆவது வாரத்துக்குள் மருத்துவமனைப் பை கட்டியிருக்க வேண்டும். அதில் முதலில் போக வேண்டியவை பரிசோதனை அட்டை, ஸ்கேன் அறிக்கைகள், ஆதார் நகல். துணிமணி அதற்குப் பிறகு.

கேள்வி: வளைகாப்பு முடிந்து மனைவியை மயிலாடுதுறையில் உள்ள தாய் வீட்டுக்கு அழைத்துச் சென்றுவிட்டார்கள். நான் சென்னையில் தனியார் நிறுவனமொன்றில் வேலை செய்கிறேன். இது எங்களுக்குத் தலைச்சன் குழந்தை. எல்லாவற்றையும் மாமியாரும் மைத்துனியும் பார்த்துக்கொள்வதால் எனக்கு வேலையே இல்லை போலிருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?
— ஒரு வாசகர், குரோம்பேட்டை

பதில்: உங்கள் விடுப்பைச் சேமித்து வையுங்கள். ஒன்றிய அரசில் பணியாற்றும் ஆண்களுக்கு, குழந்தை பிறந்த ஆறு மாதத்துக்குள் எடுத்துக்கொள்ளும்படி 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. தனியார் நிறுவனங்களை அப்படிக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை என்பதால், உங்கள் நிறுவனத்தின் நடைமுறை என்ன என்று இப்போதே கேட்டறியுங்கள். கையில் இருக்கும் நாட்கள் அனைத்தையும் பிரசவத்தின்போதே செலவழித்துவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. அந்த நாட்களில் உங்கள் மனைவியைச் சுற்றிப் பத்துப் பேர் இருப்பார்கள். நீங்கள் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்று மாப்பிள்ளை மரியாதையோடு காப்பி குடித்துக்கொண்டிருப்பீர்கள். அவருக்கு உண்மையில் ஆள் வேண்டியது மூன்றாம் மாதம் குழந்தையுடன் சென்னை வீட்டுக்குத் திரும்பி வரும் வாரத்தில்தான். அன்று அந்த வீட்டில் நீங்கள் இருவர் மட்டுமே இருப்பீர்கள். பிரசவத்துக்கு நான்கு நாள், திரும்பி வரும்போது பத்து நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

மனைவியும் வேலைக்குச் செல்பவரானால், 2017ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார ஊதியத்துடன் கூடிய விடுப்பு உண்டு; அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன் எடுக்கலாம். முன்னால் எடுத்த ஒவ்வொரு வாரமும் பின்னால் குறையும் என்பதால் இருவரும் உட்கார்ந்து நாட்காட்டியில் குறித்துக்கொள்வது நல்லது.

காகித வேலையை முழுவதும் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். மனைவியின் கருவுறுதல் பதிவு செய்யப்பட்டதற்கான பிக்மி எண் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழுக்கு அதைக் கேட்பார்கள். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். குழந்தை பிறந்த ஊரில்தான் அந்தப் பதிவு நடக்கும். உங்கள் மகனோ மகளோ குரோம்பேட்டையில் வளர்ந்தாலும் சான்றிதழ் மயிலாடுதுறைப் பக்கத்தில்தான் இருக்கும். பெயரை உடனே முடிவு செய்ய வேண்டிய அவசரமில்லை. ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதன்பின் கட்டணத்துடன் 15 ஆண்டுகள் வரை சேர்க்கலாம். ஆனால் தாய், தந்தை பெயர்கள் ஆதாரில் உள்ள எழுத்துப்படியே பதிவாகின்றனவா என்று மருத்துவமனையில் எழுதும்போதே பக்கத்தில் நின்று பாருங்கள். என் மகளின் சான்றிதழில் என் பெயரில் விழுந்த ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த நான் அலைந்த அலைச்சலில்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நாள்தோறும் மனைவியுடன் பேசும்போது குழந்தையின் அசைவு வழக்கம்போல் இருக்கிறதா என்று கேளுங்கள். அசைவு குறைந்தாலும், உதிரம் பட்டாலும், பனிக்குடம் உடைந்தாலும், விடாத தலைவலியோடு கண் மங்கினாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே 108ஐ அழைக்க வேண்டும். இது மாமியார் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள்வதும் உங்கள் வேலைதான்.

கேள்வி: எனக்கு அறுபத்திரண்டு வயது. நான்கு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவள். மருமகள் இப்போது எட்டு மாதம். சேனை வைக்கக் கூடாது, காதில் மூக்கில் எண்ணெய் விடக் கூடாது, சாம்பிராணி போடக் கூடாது என்று எதற்கெடுத்தாலும் “டாக்டர் சொன்னார்” என்கிறாள். நாங்கள் வளர்த்த பிள்ளைகள் வளரவில்லையா?
— ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: வளர்ந்தார்கள் அம்மா. அதே காலத்தில் வளராமல் போன பிள்ளைகளும் ஒவ்வொரு தெருவிலும் இருந்தார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். உங்கள் கைப்பக்குவத்தில் மருமகளுக்கு வேண்டியவை நிறைய இருக்கின்றன. விட்டுவிட வேண்டியவை சிலதான்.

சேனையை முதலில் எடுத்துக்கொள்வோம். நல்ல குணமுள்ளவர் நாவில் இனிப்புத் தொட்டு வைத்தால் அந்தக் குணம் குழந்தைக்கு வரும் என்பது அழகான நம்பிக்கைதான். ஆனால் தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் ஓராண்டுக்கு உட்பட்ட குழந்தையின் குடலில் பெருகி, நரம்புகளைத் தளரச் செய்யும் நஞ்சை உண்டாக்கக்கூடும். பெரியவர்களின் குடல் அதைத் தாங்கும், குழந்தையின் குடல் தாங்காது. சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப்பாலும் வயிற்றுப்போக்குக்கு வழி. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் நாவில் பட வேண்டியது சீம்பால். மஞ்சளாகவும் கெட்டியாகவும் இருக்கிறது என்று அதைப் பீய்ச்சிக் கொட்டிவிடக் கூடாது. ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம். சேனை வைக்க நீங்கள் மனத்தில் நினைத்திருக்கும் பெரியவர், குழந்தையை முதலில் கையில் வாங்கி, காதில் மூன்று முறை பெயர் சொல்லட்டும். மருமகள் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டாள்.

எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதில் தவறில்லை. தொப்புள்கொடி காய்ந்து விழுந்த பிறகு, மெல்லத் தேங்காயெண்ணெய் தடவி வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டுங்கள். அதுவரை தொப்புளில் மஞ்சளோ சாம்பலோ எதுவும் வைக்க வேண்டாம். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்குள் இறங்கலாம், காதில் சீழ் பிடிக்கலாம். வாயை வைத்து மூக்கை ஊதுவதும் தொற்றைத் தரும். சாம்பிராணிப் புகை பச்சிளங்குழந்தையின் மூச்சுக்கு ஆகாது. தலையை மெல்லிய துணியால் ஒற்றினாலே ஈரம் போய்விடும். கடையில் விற்கும் கண்மைகள் சிலவற்றில் காரீயம் கண்டறியப்பட்டிருக்கிறது, ஆகவே கண்ணுக்கு மை வேண்டாம். திருஷ்டிப் பொட்டை உள்ளங்காலில் வைத்துக்கொள்ளுங்கள். வசம்பைக் கையில் கட்டினால் குழந்தை அதை வாய்க்குக் கொண்டுபோகும். தொட்டில் கம்பில் கட்டிவிடுங்கள். உரைத்துப் புகட்டுவது மட்டும் கூடவே கூடாது.

இனி நீங்கள் விட்டுக்கொடுக்கக் கூடாதவை. பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு, கீரை, பருப்பு எல்லாம் சமைத்துப் போடுங்கள். பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு போடும் என்ற பேச்சை மட்டும் விட்டுவிட்டு, தாகத்துக்குக் கேட்கும்போதெல்லாம் கொடுங்கள். நாற்பது நாள் அவளை அடுப்படிப் பக்கம் விடாதீர்கள். விடியற்காலையில் பால் குடித்த குழந்தையைத் தோளில் வாங்கிக்கொண்டு, “நீ இரண்டு மணி நேரம் தூங்கு” என்று சொல்ல வீட்டில் ஒருவர் இருந்தால் அவளுக்குப் பாதி உடம்பு தேறிவிடும். காரணமில்லாமல் அழுதாலும் வசை பேசாதீர்கள். முதல் பத்து நாட்களில் அது பலருக்கும் வருவது. இரண்டு வாரம் கடந்தும் நீடித்தால், மகனிடம் சொல்லி மருத்துவரிடம் அழைத்துப் போகச் செய்யுங்கள்.

அடுத்த மாதப் பரிசோதனைக்கு மருமகளுடன் நீங்களும் போய் வாருங்கள். சேனை, எண்ணெய், சாம்பிராணி மூன்றையும் அங்கே நீங்களே கேட்டுவிட்டால், “டாக்டர் சொன்னார்” என்று வீட்டில் சொல்ல அவளுக்கு வேலை இருக்காது.