கைக்குத் தட்டுப்படாததை ஊசி எப்படிக் கண்டுபிடிக்கும்?

கேள்வி: என் வயது 52. மேமோகிராமில் (மார்பக எக்ஸ்ரே) இடது மார்பில் பொடிப்பொடியாகக் கால்சியம் துகள்கள் தெரிகின்றன, 'பைராட்ஸ் 4ஏ' என்று எழுதியிருக்கிறார்கள். தடவிப் பார்த்தால் கட்டி இல்லை, அல்ட்ராசவுண்ட் ஸ்கேனிலும் தெரியவில்லை. 'ஸ்டீரியோடாக்டிக் பயாப்ஸி' செய்யச் சொல்கிறார்கள். சாதாரண ஊசி டெஸ்ட் போதாதா? ஊசி பட்டால் பரவிவிடும் என்கிறார் நாத்தனார்.

பதில்: பைராட்ஸ் என்பது மார்பகப் படத்தில் தெரிவதைத் தரம் பிரிக்கும் முறை. அதில் 4ஏ என்றால் புற்றுநோயாக இருக்க 2 முதல் 10 சதவீதம் வரை வாய்ப்பு உண்டு என்று பொருள். பெரும்பாலானவர்களுக்குப் பயமில்லை என்றுதான் முடிவு வரும். ஆனால் படத்தை மட்டும் வைத்து அதை உறுதியாகச் சொல்ல முடியாது.

நீங்கள் சொல்லும் சாதாரண ஊசி எஃப்.என்.ஏ.சி., அதாவது மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சி எடுப்பது. அதில் உதிரி செல்கள்தான் வரும். மாற்றம் பால்குழாய்க்குள்ளேயே நிற்கிறதா, வெளியே ஊடுருவிவிட்டதா என்பது அதில் தெரியாது. அதற்குத் திசு துண்டாக வேண்டும்; அதை எடுப்பதுதான் பயாப்ஸி.

எந்தப் படத்தில் தெரிந்ததோ, அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஊசியைச் செலுத்த முடியும். ஸ்கேனில் தெரிந்திருந்தால் வேலை சுலபம். உங்களுக்கு மேமோகிராமில்தான் தெரிகிறது. எனவே மார்பை அழுத்திப் பிடித்து, இரு கோணங்களில் படமெடுத்து, துகள் இருக்கும் ஆழத்தைக் கம்ப்யூட்டர் கணக்கிடும். இதுதான் 'ஸ்டீரியோடாக்டிக்' முறை. மரத்துப்போக ஊசி போட்டு, சில மில்லிமீட்டர் கீறல் வழியாக உறிஞ்சி எடுக்கும் வாக்யூம் ஊசியால் துண்டுகளை எடுப்பார்கள். வழக்கமாகத் தையல் வேண்டியிருக்காது. வலியைவிட, அசையாமல் இருப்பதுதான் பலருக்குச் சிரமம்.

எடுத்த துண்டுகளை அங்கேயே எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்களா என்று அவசியம் கேளுங்கள். துண்டில் துகள் இல்லாவிட்டால், 'புற்று இல்லை' என்று வரும் ரிப்போர்ட்டை நம்ப முடியாது. ஊசி பக்கத்து இடத்தில் போயிருக்கலாம். துகள்கள் மொத்தமும் வந்துவிட்டால் பிறகு இடமே தெரியாது என்பதால், அங்கே எள்ளளவு உலோகக் கிளிப் வைப்பார்கள். அது உள்ளேயே இருந்தாலும் கெடுதல் இல்லை.

நாத்தனாரின் பயம் ஊரெல்லாம் இருக்கும் பயம். ஊசி போன தடத்தில் சில செல்கள் நகர்ந்திருப்பதை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். அதனால் நோயாளியின் ஆயுள் குறைவதாகச் சான்று இல்லை. பயாப்ஸிக்குப் பயந்து நேரே ஆபரேஷனுக்குப் போனால், தேவையே இல்லாமல் மார்பை வெட்ட நேரலாம்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவரானால் முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். ரிப்போர்ட் வந்ததும் ரேடியாலஜிஸ்டிடமும் (படங்களைப் பார்க்கும் மருத்துவர்) காட்டுங்கள். படமும் ரிப்போர்ட்டும் பொருந்தாவிட்டால் மறுபடி திசு எடுக்க வேண்டும். 'ஏட்டிபிக்கல்' (இயல்புக்கு மாறான செல்கள்) என்று வந்தால், புற்று இல்லாவிட்டாலும் அந்த இடத்தைச் சிறு அறுவையில் எடுக்கச் சொல்வது வழக்கம்.