பிளஸ் டூவில் கர்நாடக இசை: கேள்வி பதில்

சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் கர்நாடக இசையைத் தேர்வுப் பாடமாகப் படிக்கலாம். வாய்ப்பாட்டு, ஸ்வர வாத்தியம், மிருதங்கம் என்று மூன்று பிரிவுகள். இந்தப் பாடத்தைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

மகள் எட்டு வருடமாகப் பாட்டு கற்கிறாள். இசையை எடுத்தால் சிரமமில்லாமல் மதிப்பெண் வாங்கிவிடலாம் என்கிறார்களே, உண்மையா? (ஒரு தாய், தாம்பரம்)

பாதி உண்மை. நூற்றில் 70 செய்முறைக்கு, 30 எழுத்துத் தேர்வுக்கு. எட்டு வருடப் பாட்டு அந்த எழுபதில் கைகொடுக்கும். ஆனால் மேடையில் பாடுவது வேறு, தேர்வாளர் எதிரே உட்காருவது வேறு.

என் மாணவி ஒருத்தி மோகனத்தில் ஒரு கீர்த்தனை பாடினாள். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும், "இது எந்த மேளத்தின் ஜன்யம்? எந்த ஸ்வரங்கள் வர்ஜம்?" என்றார். தாய் ராகம் எது, விலக்கப்படும் ஸ்வரங்கள் எவை என்பதுதான் கேள்வி. அவள் என்னைப் பார்த்தாள். மத்யமமும் நிஷாதமும் மோகனத்தில் இல்லை என்பது அவள் தொண்டைக்கு நன்றாகத் தெரியும். ஒரு நாளும் தவறிக்கூட அவற்றைத் தொட்டதில்லை. ஆனால் சொல்ல வாய் வரவில்லை. அன்றிலிருந்து என் வகுப்பில் ராகம், மேளம், ஆரோகணம், தாளம், இயற்றியவர் எல்லாவற்றையும் சொன்ன பிறகுதான் பாட்டு. உங்கள் மகளையும் வீட்டில் அப்படியே பழக்குங்கள். இன்னொன்று: எழுத்து, செய்முறை இரண்டிலும் தனித்தனியே 33 விழுக்காடு எடுத்தால்தான் தேர்ச்சி. ஒன்றில் அள்ளி மற்றதில் கோட்டைவிட முடியாது.

டீச்சர், கரஹரப்பிரியா 22ஆவது மேளம் (தாய் ராகம்) என்று புத்தகத்தில் இருக்கிறது. ராகப் பெயரின் எழுத்துகளிலிருந்து மேள எண்ணைக் கண்டுபிடிக்கும் கடபயாதி முறையில் நான் போட்டால் 21 வருகிறது. எங்கே தவறு? (பதினொன்றாம் வகுப்பு மாணவி, கோவை)

நல்ல கேள்வி. தமிழில் எழுதிப் படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. ராகப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளின் எண்ணை எடுத்துத் திருப்பிப் போட வேண்டும் என்பது சரிதான். நீ க-வுக்கு 1, ர-வுக்கு 2 என்று வைத்து, 12-ஐத் திருப்பி 21 என்று எழுதியிருக்கிறாய். ஆனால் தமிழில் நமக்கு ஒரே ஒரு க. வடமொழி எழுத்தில் அமைந்த கடபயாதிக்கு நான்கு க. நீ தினமும் சொல்லும் சொற்களிலேயே நான்கும் இருக்கின்றன. கல்யாணியின் க 1, கண்ட நடையின் க 2, காந்தாரத்தின் க 3, கடத்தின் க 4. ஒவ்வொன்றையும் உரக்கச் சொல்லிப் பார், காது பிரித்துக் காட்டும். கரஹரப்பிரியாவில் வருவது கண்ட நடையின் க. ஆகவே 2, 2, திருப்பினாலும் 22.

உனக்கு வந்த 21 கீரவாணியின் எண். அங்கே வருவது கல்யாணியின் க. இரண்டு ராகங்களுக்கும் ரிஷபம், காந்தாரம், மத்யமம் ஒன்றே; தைவதமும் நிஷாதமும்தான் வேறு. ஓர் எண் தவறினால் பாட்டின் மேல்பாதியே மாறிவிடுகிறது பார். இரண்டையும் தம்பூராவோடு பாடிப் பார்த்துவிட்டு, பிறகு நோட்டில் எழுது.

ஐந்து கட்டை சுருதியில் பாடிக்கொண்டிருந்தேன். இப்போது குரல் உடைந்து கரகரக்கிறது. வீட்டில் இசைப் பாடத்தை விட்டுவிடச் சொல்கிறார்கள். (பதினொன்றாம் வகுப்பு மாணவன், சென்னை)

விடாதே, தம்பி. உன் குரல் கெடவில்லை, வளர்கிறது. ஐந்து கட்டையைப் பிடித்துக்கொண்டு தொங்குவதுதான் ஆபத்து, தொண்டை புண்ணாகும். சுருதிப் பெட்டியை ஒரு கட்டைக்கு இறக்கு. மந்திர பஞ்சமத்தில் (கீழ் ஸ்தாயி ப) குரல் காற்றாகப் போகாமல் நிற்கிறதா, தார காந்தாரத்தை (மேல் ஸ்தாயி க) முகம் சுளிக்காமல் தொடுகிறதா என்று பார். இல்லையென்றால் அரைக் கட்டை ஏற்றியோ இறக்கியோ தேடு. அது கிடைக்கும்வரை காலையில் கீழ் ஸ்தாயியில் மெதுவாக, 'ஆ' என்று பாடிப் பழகும் அகார சாதகம் மட்டும் போதும். மேலே போகவே வேண்டாம். தேர்வில் உன் சுருதி உன் விருப்பம்; ஒரு கட்டையில் பாடினாய் என்று எவரும் மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டார்கள். சுருதி விலகினால்தான் குறைப்பார்கள். குரல் ஒத்துழைக்காத மாதங்களில் எழுத்துப் பாடத்தை முடித்து வைத்துக்கொள்.

வர்ணத்தை ஸ்வரப்படுத்தி எழுதும்போது கணக்கு உதைக்கிறது. (ஒரு மாணவி, திருச்சி)

ஆதி தாள வர்ணத்தில் ஓர் ஆவர்த்தனத்துக்கு (ஒரு தாளச் சுற்றுக்கு) 32 மாத்திரை. முதல் அங்கமான லகுவுக்கு 16, அடுத்து வரும் இரண்டு த்ருதங்களுக்கும் எட்டு எட்டு. காற்புள்ளி ஒரு மாத்திரை, அரைப்புள்ளி இரண்டு. பென்சிலால் முதலில் கட்டங்களைப் போட்டுவிட்டு எழுதினால் எங்கே ஒரு கார்வை (ஸ்வர நீட்டல்) விட்டுப்போனது என்று கண்ணுக்கே தெரியும்.

பொறியியல் கட்-ஆஃபில் இசை சேருமா? (ஒரு தந்தை, வேலூர்)

சேராது. தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் கணிதம், இயற்பியல், வேதியியல் மட்டும்தான். அதனால் மகனிடமிருந்து இசையைப் பிடுங்கிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மாலையில் ஒரு மணி நேரம் பாடிய பிள்ளை கணக்கில் பின்தங்கி நான் பார்த்ததில்லை.

மிருதங்கம் எடுத்திருக்கிறேன். வாசித்தால் போதுமா? (பன்னிரண்டாம் வகுப்பு மாணவன், மதுரை)

போதாது. கையால் தாளம் போட்டுக்கொண்டு சொற்கட்டுகளை வாயால் சொல்லத் தெரிய வேண்டும். வாயில் சுத்தமாக வராத மோரா (முடிப்புச் சொற்கட்டு) கையிலும் தடுமாறும். தேர்வன்று சீக்கிரமே போய்விடு. இடப்பக்கத் தொப்பிக்கு ரவையைத் தண்ணீரில் பிசைந்து அப்ப நேரம் வேண்டும். வலந்தலை சுருதி சேர அதைவிட அதிக நேரம் பிடிக்கும். சுருதி சேர்க்கும் கல்லையும் மரப் புள்ளையும் மறக்காமல் பையில் வை.

எங்கள் பள்ளியில் இசைப் பாடமே இல்லை. பிற்பாடு இசைக் கல்லூரியில் சேர முடியாதா? (ஒரு மாணவி, தேனி)

தாராளமாக முடியும். சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய நான்கு ஊர்களிலும் அரசு இசைக் கல்லூரிகள் உள்ளன. பாடச் சொல்லிக் கேட்டுச் சேர்த்துக்கொள்வார்கள். உனக்கு மதுரை பக்கம். இரண்டு வர்ணங்களை இரண்டு காலத்திலும் பிசகாமல் பாடும்படி இப்போதே தயார் செய்.