தொட்டி நீரூற்று: இரையுது, தண்ணீர் எழும்பவில்லை

கேள்வி: முற்றத்துச் சீமெந்துத் தொட்டி 8 அடி நீளம், 5 அடி அகலம், 2 அடித் தண்ணீர். நீரூற்று முன்பு 3 அடி எழும்பும். இப்போது ஒரு சாண்கூட இல்லை. பம்ப் இரைச்சல் மட்டும் கேட்கிறது. இடைக்கிடை ட்ரிப் சுவிச்சும் விழுகிறது. புதுப் பம்ப் வாங்க வேண்டுமா?
– வாசகி, உப்புவெளி

பதில்: இவை பெரும்பாலும் இரண்டு வேறு கோளாறுகள். ட்ரிப் விழுவதை முதலில் பாருங்கள். மற்றதைப் பார்க்கத் தண்ணீருக்குள் கை விடவேண்டி வரும். சுவிச்சை அணைத்தால் மட்டும் போதாது. வயர் மாறிப் பூட்டியிருந்தால், அணைத்த பிறகும் பம்புக்குள் கரண்ட் இருக்கும். பிளக்கையே கழற்றுங்கள்.

கழற்றிய பிறகும் ட்ரிப் விழுந்தால் கோளாறு வீட்டு வயரிங்கில் அல்லது வேறொரு மின்சாதனத்தில். பம்ப் பூட்டினால்தான் விழுகிறது என்றால், முற்றத்துச் சொக்கற்றுக்குள் மழைத்தண்ணீர் போயிருக்கிறதா, கேபிளில் மூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீருக்குள் ரேப் சுற்றிய மூட்டு ஒருநாளும் நிலைக்காது. கேபிள் நன்றாக இருந்தும் விழுந்தால், மின்வேலை தெரிந்தவரிடம் மெகர் (மின்காப்பை அளக்கும் கருவி) பிடிக்கச் சொல்லுங்கள். 500 வோல்ற்றில் 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் பம்பைக் கழித்துவிடலாம். அதன் சுருளைப் பிசினில் அடைத்திருப்பார்கள், திறந்து திருத்த முடியாது. "ட்ரிப்பைத் தாண்டி நேரே கொடுத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 30 மில்லிஅம்பியர் கசிவிலேயே கரண்டை வெட்டும் அந்தச் சுவிச்தான் உயிருக்குக் காவல்.

இனித் தண்ணீர் எழும்பாததற்கு வருவோம். இரைச்சல் கேட்கிறதென்றால் சுருள் வேலை செய்கிறது, பெரும்பாலும் சுழலி இறுகியிருக்கும். வலைமூடியைக் கழற்றி ஸ்பொஞ்சைக் கழுவுங்கள். முன்மூடியைத் திருகி எடுத்தால் காந்தச் சுழலி தெரியும். காந்தம் பின்னுக்கு இழுக்கும், மெதுவாக உருவுங்கள். நடுவில் உள்ள பீங்கான் தண்டு சட்டென்று முறியும். இரு முனையிலும் உள்ள சின்ன றப்பர்களும் தொலைந்துபோகும். கீழே ஒரு துணியை விரித்துக்கொள்ளுங்கள்.

சுழலியில் வெள்ளையாகப் படிந்திருப்பது கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு. வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் கலந்து இரண்டு மணித்தியாலம் ஊறவைத்து, பழைய பல் பிரஷால் தேயுங்கள். சுழலி இருக்கும் குழியையும் மறக்க வேண்டாம். நன்றாகக் கழுவிய பிறகே தொட்டிக்குள் இறக்குங்கள். எண்ணெய், கிறீஸ் எதுவும் பூசக் கூடாது: மீனுக்கு ஆகாது, தேவையும் இல்லை, அதற்குத் தண்ணீரே மசகு. தண்டு முறிந்திருந்தால் பழையதைக் கையில் கொண்டுபோய் அளவு பார்த்து, சுழலியும் தண்டும் மட்டும் வாங்குங்கள்.

பம்பைத் தரையில் வைக்காமல் ஒரு செங்கல் மேல் வையுங்கள், சேறு இழுக்காது. கச்சான் காற்று வீசும் காலத்தில் தொட்டி வேகமாக வற்றும். பம்ப் காற்றை இழுத்தால் சுழலி சூடேறித் தேய்ந்துவிடும். நீரூற்று வாயின் துளைகளையும் ஊசியால் குத்தி விடுங்கள்.

கேள்வி: மீன்தொட்டிக்குக் காற்று ஊதும் ஏரேட்டர் ஓடுகிறது, ரியூப் முனையிலுள்ள குமிழிக் கல்லில் குமிழி இல்லை. கரண்ட் போனால் ரியூபில் தண்ணீர் ஏறுகிறது.
– வாசகர், கிண்ணியா

பதில்: ரியூபை ஏரேட்டரின் வாயில் கழற்றி விரல் வைத்துப் பாருங்கள். காற்று பலமாக வந்தால் கல் அடைத்திருக்கிறது. மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை. காற்று மெலிந்தால் உள்ளே துடிக்கும் றப்பர்த் தகடு கிழிந்திருக்கும். இரண்டு தகடு இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஏரேட்டர் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால், நின்றதும் தண்ணீர் பின்னோக்கி ஏறும். அதை மேலே வையுங்கள். ரியூபில் ஒருவழி வால்வு பூட்டுங்கள், அம்புக்குறி கல்லைப் பார்க்க வேண்டும். கடல்காற்றுக்குப் பயந்து பெட்டிக்குள் இறுக மூடாதீர்கள், சூட்டில் றப்பர் கெட்டுவிடும்.

கேள்வி: பகலில் மட்டும் ஏரேட்டர் போட்டால் போதுமா?
– வாசகர், நிலாவெளி

பதில்: ஒரு நேரம்தான் என்றால் இரவில் போடுங்கள். பகலில் ஒட்சிசனைத் தரும் பாசி இரவில் அதையே எடுத்துக்கொள்ளும். விடியுமுன்தான் மிகக் குறைவு; மீன் மேலே வந்து வாய் பிளப்பது அப்போதுதான். போதாக்குறைக்கு, 20 பாகைத் தண்ணீர் லீற்றருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஒட்சிசன் பிடிக்கும். நம்மூர் 30 பாகையில் ஏழரைதான். இரவில் கரண்ட் போனால், தொட்டித் தண்ணீரையே வாளியில் அள்ளி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள்.